படுக்க நேரமில்லாதவள்

அறுவடைக்காலம் நெருங்கிவிட்டால் ரத்தக்காவைத் தெருவில் கண்டதுமே சிலர் பக்கத்துக் கடைக்குள் நுழைந்து, தங்களுக்குத் தேவையே இல்லாத சாமானுக்கு விலை விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அவளுக்கும் அது தெரியும். கடை வாசலிலேயே நின்று குடையைச் சுழற்றிக்கொண்டிருப்பாள். வேறு வழியில்லாமல் அவர்கள் வெளியே வந்ததும், உடம்பு நல்லாயிருக்கா, ரத்தம் நல்லாயிருக்கா என்று இரண்டையும் தனித்தனியாக நலம் விசாரிப்பாள்.

அரசு ஆஸ்பத்திரியின் பின்கட்டில், சலவைக்கூடத்தை ஒட்டிய நீளமான அறைதான் ரத்த வங்கி. அதற்குப் பொறுப்பாளர் என்று ஒரு டாக்டர் இருந்தாலும், ஆளைப் பிடித்து, நாற்காலியில் உட்காரவைத்து, ஊசி குத்தி, பழச்சாறு கொடுத்து அனுப்புவதெல்லாம் அவள்தான். அதனால் ஊர் அவளுக்கு வைத்த பெயர் ரத்தக்கா. முதலில் அவள் கோபப்பட்டாள். பிறகு தொலைபேசியில் அவளே அந்தப் பெயரைச் சொல்லத் தொடங்கிவிட்டாள்.

அவளைக் கண்டு ஒளிந்தவர்கள் எல்லோரும் ஒரே வகை ஆட்கள். ஏதாவது ஒரு வருடம் அறுப்புக் காய்ச்சல் வந்து, பிழைத்து எழுந்தவர்கள்.

அந்த வட்டாரம் முழுக்கத் தானிய வயல். வயலுக்கும் சாலைக்கும் நடுவே புல் மண்டிக் கிடக்கும் கரைகளில் ஒரு சின்ன எலி குடியிருந்தது. உள்ளங்கையில் அடங்கிவிடும். வெளுத்த வயிறும் மிளகு போன்ற கண்ணுமாகப் பார்க்க லட்சணமாகவே இருக்கும். அதன் உடம்பில் ஒரு வைரஸ். எலியை அது ஒன்றும் செய்வதில்லை; இரண்டும் சண்டை சச்சரவில்லாமல் காலங்காலமாகக் குடித்தனம் நடத்திவந்தன. எலியின் மூத்திரத்திலும் எச்சிலிலும் வெளியே வந்து, காய்ந்து, தூசியோடு தூசியாகக் கலந்துவிடும். அந்தத் தூசியை மூச்சில் இழுத்த மனிதனுக்குத்தான் வினை. முதலில் அசதி, இடுப்புவலி, கண் சிவப்பு. பிறகு ஈறில் ரத்தம் கசியும். அதற்குப் பிறகு கை நடுங்கி, பேச்சு குழறி, சிலர் எழுந்திருப்பதே இல்லை.

அதற்கான மருந்து எந்தக் கடையிலும் கிடைக்காது. பிழைத்தவர்களின் ரத்தத்தில்தான் இருந்தது. வைரஸோடு மல்லுக்கட்டி ஜெயித்த உடம்பு, அந்தச் சண்டைக்குச் செய்த ஆயுதங்களை ரத்தத்திலேயே வைத்துக்கொள்ளும். ரத்தத்திலிருந்து சிவப்பணுக்களைப் பிரித்து உடம்புக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, பிளாஸ்மா என்கிற மஞ்சள் நீரை மட்டும் பையில் பிடித்து நோயாளிக்கு ஏற்றினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். ஒரே நிபந்தனை, காய்ச்சல் தொடங்கி ஒரு வாரம் தாண்டுவதற்குள் ஏற்ற வேண்டும். தாண்டிவிட்டால் குடம் குடமாக ஊற்றினாலும் பலனில்லை.

முந்தைய இரண்டு அறுவடைகளில் காய்ச்சல் அதிகம் வரவில்லை. ஊர் மறந்துபோனது. உறைபெட்டியில் இருந்த பைகள் கெடு முடிந்து குப்பைக்குப் போயின. மிஞ்சியிருந்த கடைசிப் பையும் ஒரு லாரி ஓட்டுநருக்கு ஏறிவிட்டது. அந்தச் சமயம் பார்த்துத்தான் எடைமேடைப் பெண் படுத்தாள்.

ஊர் எல்லையில், தானிய லாரிகளை நிறுத்தி எடை போடும் இடத்தில் சீட்டு அடித்துக் கொடுக்கும் பெண் அவள். வாய் ஓயாமல் பேசுவாள். வயல் பக்கம் கால் வைத்தவளே இல்லை என்பதால் முதலில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்தார்கள். பல் துலக்கும்போது ரத்தம் வருகிறது என்று அவள் சொன்ன பிறகுதான் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எடை போடும் அறைக்குப் பலகைத் தரை. பலகைக்கு அடியில் எலி இருந்தது. தினமும் காலையில் வந்ததும் அவள் கதவைச் சாத்திக்கொண்டு, எலிப்புழுக்கையை வெறும் துடைப்பத்தால் பெருக்கித் தள்ளிவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவாளாம். சுத்தமான பெண்.

டாக்டர் ஆள் அனுப்பாமல் தானே பின்கட்டுக்கு வந்து கதவருகில் நின்றார். ரத்தக்காவுக்கு அவர் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"ஒரு பை இருக்கா?" என்றார்.

"இல்ல சார்."

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஏத்தணும். அதுக்கப்புறம் நாம அவ பக்கத்துல சும்மா உக்காந்திருக்க வேண்டியதுதான்."

பெரிய நகரத்து வங்கியில் கேட்டாயிற்று. அங்கேயும் கையை விரித்துவிட்டார்கள். ரத்தக்கா தொலைபேசியை எடுத்து, தனக்குத் தெரிந்த பிழைத்தவர்களை ஒவ்வொருவராக அழைத்தாள். ஒருவர் ஊரை விட்டே போயிருந்தார். ஒருவருக்கு இப்போது மஞ்சள் காமாலை. ஒருவர் எண் வேறு யாருக்கோ போய்விட்டிருந்தது. அந்த யாரோ பாவம், என்ன விஷயம் என்று பொறுமையாகக் கேட்டு, தான் வந்தால் ஆகுமா என்றார். ஆகாது என்று நன்றி சொல்லிவைத்தாள்.

மிஞ்சியது யானை.

அறுவடை இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருப்பவன். ஆள் ஆறடிக்கு மேல். தோள் இரண்டும் கதவை அடைக்கும். தலையில் பேருக்குக்கூட ஒரு முடி இல்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் அவனுக்கு வந்த காய்ச்சல் எமன் வாசல்வரை இழுத்துக்கொண்டு போய்த் திருப்பி அனுப்பியது. அவன் ரத்தத்தில் இருக்கும் சக்தி மூன்று ஆளுக்குப் போதும் என்று அப்போதே டாக்டர் சொன்னார். பிழைத்த அடுத்த வருடம் ரத்தக்கா அவனை எப்படியோ பேசி நாற்காலியில் உட்காரவைத்தாள். உறையிலிருந்து ஊசியை எடுத்ததைப் பார்த்தான். அவ்வளவுதான். சாய்ந்த வேகத்தில் பக்கத்திலிருந்த தள்ளுவண்டி இரண்டாக மடங்கியது. அன்றிலிருந்து அவள் குரல் கேட்டாலே ஆள் மாயம்.

அவள் பட்டறைக்குப் போனபோது ஓர் அறுவடை இயந்திரத்துக்கு அடியிலிருந்து இரண்டு பெரிய பாதங்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. அவள் செருப்பைப் பார்த்ததும் பாதங்கள் அசைவதை நிறுத்திவிட்டன. ரத்தக்கா ஒரு பழைய டயரை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, பாதங்களிடமே பேச ஆரம்பித்தாள். எடைமேடைப் பெண்ணைப் பற்றிச் சொன்னாள். அவனுக்கு அந்தப் பெண்ணைத் தெரியும். ஒருமுறை அவனை லாரி எடைமேடையில் தனியாக ஏறி நிற்கவைத்து, எடை போட்டு, சீட்டும் அடித்துக் கையில் கொடுத்தவள் அவள். அவளுடைய அப்பா, கடைவீதியில் முடிவெட்டுகிறவர், நேற்றிலிருந்து வராந்தாவில் நின்றுகொண்டே இருக்கிறார், பெஞ்சு காலியாக இருந்தும் உட்காரமாட்டேன் என்கிறார் என்றும் சொன்னாள்.

இயந்திரத்துக்கு அடியில் ஒரு ஸ்பானரைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு குரல் வந்தது.

"ஊசி இப்பவும் அதே பெருசுதானா?"

"பொய் சொல்லமாட்டேன் அண்ணே. அதே பெருசுதான்."

பாதங்கள் யோசித்தன. பிறகு உடம்பு முழுக்க வெளியே வந்தது. முகத்தில் எண்ணெய்க்கறையைத் தவிர ரத்த ஓட்டமே இல்லை. கை கழுவிவிட்டு வருகிறேன் என்று போனான். பின்பக்கமாக ஓடிவிட்டானோ என்று ரத்தக்கா எட்டிப் பார்த்தாள். ஓடவில்லை. குழாயடியில் நின்று, ஒரே கையைத் திரும்பத் திரும்பச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தான்.

பட்டறையின் முன்னறையில் உதிரிபாகங்கள் விற்கும் இடத்தை அவன் மனைவி பார்த்துக்கொண்டாள். பட்டறைப் பையன்களிலிருந்து வாடிக்கைக்காரர்கள்வரை எல்லோருக்கும் அவள் அண்ணி. புருஷன் தோளுயரம்கூட வரமாட்டாள். ஒரு கையில் தொலைபேசி, ஒரு கையில் ஏதாவது ஒரு இரும்புச் சாமான். உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. விஷயத்தைக் கேட்டதும் கடையைப் பூட்டிவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நானும் வர்றேன். விழுந்தா தூக்க ஆள் வேணும்ல" என்றாள்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் யானை கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். ஊசி ஏறியபோது உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. கையை மட்டும் அசைக்கவில்லை. உதடுகள் முணுமுணுத்தன. சாமி பெயர் சொல்கிறானோ என்று ரத்தக்கா காதைக் கொடுத்துக் கேட்டாள். கத்திச்சட்டம், உருளை, சங்கிலி, சல்லடை, காற்றாடி என்று ஓர் அறுவடை இயந்திரத்தை முன்னாலிருந்து பின்னால்வரை கழற்றிக்கொண்டிருந்தான். சுழலும் இயந்திரத்துக்குள் ரத்தம் போக, பைக்குள் மஞ்சள் நீர் சொட்ட ஆரம்பித்தது. எத்தனையோ பேர் சிரித்துக்கொண்டே வந்து சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டுப் போவதை அவள் பார்த்திருக்கிறாள். அவர்கள் மேல் அவளுக்கு மரியாதை உண்டு. ஆனால் இவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டு ஒருவன் அசையாமல் உட்கார்ந்திருப்பதை அவள் பார்த்ததில்லை.

சல்லடைவரைக்கும் இரண்டாம் முறை வந்திருப்பான். குரல் தேய்ந்தது. நெற்றி முழுக்க வியர்வை முத்து முத்தாகக் கோத்தது. முகம் சாம்பல் நிறமானது. இயந்திரம் கூவியது. ரத்தக்கா பாய்ந்து போய் நிறுத்தி, நாற்காலியைச் சாய்த்து, காலைத் தூக்கிவைத்தாள். அண்ணி கன்னத்தில் தட்டிக்கொண்டே இருந்தாள். அடிக்கிறாளா கொஞ்சுகிறாளா என்று சொல்லமுடியாத தட்டு.

கண்ணைத் திறந்ததும் அவன் கேட்டது, "முடிஞ்சுதா?"

பையில் ஒரு கைப்பிடி அளவுதான் இருந்தது. ஒரு குழந்தைக்குக்கூடப் போதாது. ரத்தக்கா பையைப் பார்த்த விதத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. சட்டையை மேலே சுருட்டி இன்னொரு கையை நீட்டினான்.

"இதுல குத்துங்க."

"ஆகாது அண்ணே. உங்க ரத்த அழுத்தம் தரையில கெடக்கு. இன்னிக்கு உங்களத் தொடக்கூடாது. நாளைக்கும் கூடாது."

"நான் விழுந்தா விழறேன். நீங்க பாட்டுக்கு எடுத்துக்கிட்டே இருங்க."

அவள் தலையை அசைத்தாள். அந்தப் பெரிய கை கொஞ்ச நேரம் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தது. பிறகு அவன் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அண்ணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தன் ரத்தத்தை எடுத்துக்கொள்ளும்படி சொன்னாள். எல்லார் ரத்தமும் ஆகாது, காய்ச்சல் வந்து பிழைத்தவர்களுடையதுதான் வேண்டும் என்று ரத்தக்கா பொறுமையாக விளக்கினாள். அண்ணி கேட்டுக்கொண்டே, இடுப்புச் சாவியை எடுத்து விரலில் மாட்டிச் சுற்றினாள். சுற்றுவதை நிறுத்திவிட்டு, ஏதோ கடையில் ஒரு ஆணி குறைவதைச் சொல்வது மாதிரி சொன்னாள்.

"அந்த வருஷம் இவருக்கு வந்தப்ப எனக்கும் கொஞ்சம் முடியாமத்தான் இருந்துச்சு."

ரத்தக்கா ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். என்ன முடியாமல் இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். தலைவலி இருந்தது, இடுப்பு ஒடிந்து விழுகிற மாதிரி இருந்தது, கண் எரிந்து சிவந்து கிடந்தது, கண்ணாடி பார்க்க நேரமில்லாததால் அதைப் பட்டறைப் பையன்கள் சொல்லித்தான் தெரியும். பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வந்தது, பிரஷ்ஷைத்தான் மாற்றினாளாம். அது அறுவடை உச்சத்தில் இருந்த சமயம். முற்றத்தில் வரிசையாக இயந்திரங்கள். பகலில் பட்டறை, நடுவில் ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு, வீட்டுக்கு வந்தால் துணி. புருஷன் வயலில் போட்டிருந்த உடுப்புகள் மூலையில் குவிந்து கிடந்தன. தூசி போகட்டும் என்று ஒவ்வொன்றையும் சுவரில் ஓங்கி ஓங்கி அடித்து உதறிவிட்டுத்தான் தண்ணீரில் போட்டாள். தூக்கம் இல்லாததால் உடம்பு வலிக்கிறது என்று நினைத்தாள். கொஞ்ச நாளில் அது பாட்டுக்குப் போய்விட்டது.

சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த யானை மெதுவாக இந்தப் பக்கம் திரும்பினான்.

"எங்கிட்ட சொல்லவேயில்லையே" என்றான்.

"நீங்க சாகக் கெடந்தீங்க. நடுவுல நான் வேற வந்து தலவலிக்குதுன்னு சொல்லணுமா?"

"படுத்திருக்கலாம்ல."

"படுத்தா யாருங்க எந்திரிச்சுப் பாக்கறது?"

அந்த அறுவடை முழுக்க அண்ணி சாப்பாட்டுத் தூக்கோடு இந்த வராந்தா வழியாகத்தான் போய்வந்தாள். ரத்தக்காவே எத்தனை தடவை வழிவிட்டு ஒதுங்கியிருக்கிறாள். நிறைய நடக்கிறாள், இளைத்துவிட்டாள் என்று மட்டும் நினைத்திருக்கிறாள்.

சின்னக் குழாயில் ரத்தம் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். எடைமேடைப் பெண்ணுக்குப் பொருந்துகிற ரத்த வகைதான். சோதனைத் தட்டின் குழிகளில் ஊற்றினாள். பக்கத்துக் குழியில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக யானையுடையது. எதிர்ப்புச் சக்தி இருந்தால் குழி நிறம் மாறும். எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு சக்தி. நெடுநேரம் காத்திருந்து கடைசி மருந்துத் துளியைப் போட்டாள். யானையின் குழி நிறம் மாறியது. அண்ணியின் குழி அதையும் தாண்டிப்போய், அந்தத் தட்டிலேயே அடர்த்தியான நிறத்தில் நின்றது. ரத்தக்கா தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவரும் ஜன்னலருகில் போய்ப் பார்த்தார். இவ்வளவு பெரிய காய்ச்சலை நின்றுகொண்டே கடந்திருக்கிறாள் என்று தனக்குள் சொல்வது மாதிரிச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் நாற்காலியில் உட்காரவைப்பதற்கு முன்னால் இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. ரத்தக்காவுக்கு அதைக் கேட்க நாக்கு எழவில்லை. ஒருமுறை கருவுற்றிருந்தாலும் போதும், பெண்களின் ரத்தத்தில் வேறொரு வகை எதிர்ப்பு உண்டாகியிருக்கலாம். அது நோயாளியின் நுரையீரலைக் கெடுத்துவிடும். அதனால் பிள்ளை பெற்றவர்களிடம் பிளாஸ்மா எடுப்பதில்லை. அந்தத் தம்பதிக்குக் குழந்தை இல்லை என்பது ஊருக்கே தெரியும். தெரிந்தாலும் வாய்விட்டுக் கேட்டுத்தான் ஆகவேண்டும். இடையில் கலைந்து போயிருந்தாலும் கணக்குத்தான்.

யானையைத் தேநீர் குடிக்க அனுப்பிவிட்டுக் கேட்டாள். காரணத்தை முதலில் சொல்லி, மன்னிப்பும் கேட்டு, பிறகு கேள்வியைக் கேட்டாள்.

அண்ணி நேராக அவள் முகத்தைப் பார்த்தாள். "இல்ல. ஒரு தடவகூட நிக்கல."

எத்தனை பேர் அவளிடம் அதைக் கேட்டிருப்பார்கள். சொந்தக்காரர்கள், வாடகை வீட்டுக்காரர்கள், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள்கூட. இல்லை என்றதும் ஒவ்வொரு முகமும் ஒரே மாதிரி விழும். அந்த விழுதலைப் பார்க்காமலிருக்க அவள் சட்டென்று வேறு வேலைக்குத் திரும்பிவிடுவது வழக்கம். இந்த முறை திரும்பவில்லை. ரத்தக்காவின் முகம் அவளை மீறி விளக்குப் போட்டது மாதிரி மலர்ந்துவிட்டதை முழுசாகப் பார்த்துவிட்டாள்.

ரத்தக்கா பதறிப்போய் முகத்தைச் சரிசெய்யப் பார்த்தாள். அண்ணியின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. பிறகு சிரித்துவிட்டாள்.

"இந்தப் பதிலுக்கு ஒருத்தர் சந்தோஷப்பட்டு இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றாள்.

இருவரும் சிரித்தார்கள். ரத்தக்காவுக்குச் சிரிப்போடு கண்ணும் கலங்கியது. அண்ணி அதைக் கவனிக்காதது மாதிரி எடைக்கருவி மேல் போய் ஏறி நின்றாள். பிளாஸ்மா கொடுப்பவருக்கு இருக்கவேண்டிய குறைந்தபட்ச எடைக்கு மேலே தாராளமாகக் காட்டியது. ரத்தக்காவுக்குச் சந்தேகம். இறங்கச் சொல்லி இடுப்பைத் தொட்டுப் பார்த்தால், சாவிக்கொத்தோடு ஒரு பெரிய ஸ்பானரும் செருகியிருந்தது. எப்போது வைத்தாள் என்றே தெரியவில்லை. இரண்டையும் பிடுங்கி மேசையில் வைத்துவிட்டு மறுபடி ஏறச் சொன்னாள். நல்லவேளை, தேவைக்கு ஒரு மயிரிழை அதிகமாகவே முள் நின்றது.

அண்ணி ஊசியை ஏறும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். ஏறிய பிறகும் சுவாரசியமாகப் பார்த்தாள். இயந்திரம் எப்படிப் பிரிக்கிறது, எந்தக் குழாய் எங்கே போகிறது என்று கேட்டாள். உள்ளே சுழல்கிற கிண்ணம் தானியம் தூற்றுகிற மாதிரிதான் வேலை செய்கிறது என்று அவளே முடிவுகட்டினாள். தேநீர் குடித்துவிட்டு வந்த யானை அவளுடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அந்தக் கையை விடவேயில்லை. பை நிறைந்தது. தேன்நிறத்தில், தெளிவாக, கனமாக இருந்தது. மற்ற நோய்களுக்கான சோதனைகளையும் முடித்து, சூரியன் சாய்வதற்கு முன்னால் ரத்தக்கா அதைத் தானே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மேல்மாடிக்குப் போனாள். வராந்தாவில் நின்றிருந்த முடிவெட்டுகிறவர் பையைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டி வழிவிட்டார்.

எடைமேடைப் பெண் உடனே எழுந்துவிடவில்லை. மறுநாள் இன்னும் மோசமாகத் தெரிந்தது. கையின் நடுக்கம் கூடியது. அதற்கடுத்த நாள் காய்ச்சல் ஒரு படி இறங்கியது. பிறகு இன்னொரு படி. ஒருநாள் காலை ரத்தக்கா எட்டிப் பார்த்தபோது, அந்தப் பெண் படுக்கையில் சாய்ந்துகொண்டு, தனக்குக் கொடுத்த கஞ்சியின் அளவு சரியில்லை என்று செவிலியரிடம் வாதாடிக்கொண்டிருந்தாள். ரத்தக்கா பின்கட்டுக்குத் திரும்பி, சலவைக்கூடத்துச் சூட்டில் கொஞ்ச நேரம் தனியாக நின்றாள்.

எடைமேடை அறையைச் சுகாதாரத்துறை ஆட்கள் சுத்தம் செய்தார்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு, கதவையும் ஜன்னலையும் திறந்துவைத்து, முதலில் கிருமிநாசினி தண்ணீரால் எல்லாவற்றையும் நனைய நனைய ஊறவிட்டு, பிறகு ஈரத்துணியால் துடைத்தார்கள். துடைப்பமே எடுக்கவில்லை. ரத்தக்காவும் போயிருந்தாள். பலகையைப் பெயர்த்தபோது, கிழித்த எடைச்சீட்டுகளால் மெத்தென்று கட்டிய ஒரு கூடு இருந்தது. ஓர் எலி சுவரோரமாக ஓடி, வாசலில் ஒரு கணம் நின்று திரும்பிப் பார்த்துவிட்டுப் புல்லுக்குள் போனது. இவ்வளவு சின்ன உயிருக்குள் இவ்வளவு பெரிய ஆபத்து எப்படிச் சாதுவாக உட்கார்ந்திருக்கிறது என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அதன்மேல் கோபம் வரவில்லை. தரையிலிருந்த ஓட்டைகளை அடைக்கிறவரை இருந்து பார்த்துவிட்டுத்தான் வந்தாள்.

யார் கொடுத்தது என்று நோயாளி வீட்டாரிடம் சொல்லக்கூடாது என்பது விதி. ரத்தக்கா சொல்லவில்லை. வராந்தா சொல்லிவிட்டது. ஒருநாள் காலை முடிவெட்டுகிறவர் தன் பெட்டியோடு பட்டறைக்கு வந்து நின்றார். யானையின் தலையைப் பார்த்தார். தன்னால் செய்யக்கூடியது அங்கே ஒன்றுமில்லை. முகத்தைச் சவரம் செய்தார். அப்படி ஒரு சவரத்தை அந்தப் பட்டறை கண்டதில்லை என்று பையன்கள் சொன்னார்கள். அண்ணிக்கு என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் திகைத்தவர், அவள் வீட்டிலும் கடையிலும் இருந்த கத்தி, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் கேட்டு வாங்கி, வாசல்படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சாணை பிடித்துக் கொடுத்தார். போகும்போது கையைக் கூப்பினார். அண்ணி அன்று முழுக்க எதை வெட்டினாலும் சிரித்துக்கொண்டாள்.

ரத்தக்காவின் வேலை அதற்குப் பிறகு மாறிவிட்டது. அதுவரை அவள் தேடியதெல்லாம் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவர்களைத்தான். பிழைத்தவர்கள் என்றால் அவர்கள்தான் என்று நினைத்திருந்தாள். இப்போது ஒவ்வொரு பழைய நோயாளியின் வீட்டுக்கும் போய், அந்தச் சமயத்தில் துணி துவைத்தது யார், கொட்டகையைப் பெருக்கியது யார், அவர்களுக்கு உடம்பு எப்படி இருந்தது என்று கேட்டாள். ஒன்றும் இல்லை, கொஞ்சம் அசதி என்று பதில் வந்த இடங்களில் ரத்தம் எடுத்தாள். பல குழிகள் நிறமில்லாமலே நின்றன. சில நிறம் மாறின. மாறியவர்களில் ஒரு மாமியார், ஒரு நாத்தனார், தனியாக இருக்கும் ஒரு தையல்காரி. பிள்ளை பெற்றவர்களின் ரத்தத்தை, நுரையீரலைக் கெடுக்கும் அந்த எதிர்ப்பு இருக்கிறதா என்று நகரத்துக்கு அனுப்பிப் பார்த்து, இல்லாதவர்களை மட்டும் எடுத்துக்கொள்ள டாக்டர் ஏற்பாடு செய்தார். தங்களுக்குக் காய்ச்சல் வந்துபோனதே தெரியாது என்று அவர்கள் சொன்னபோது ரத்தக்கா சிரிக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் எழுந்து நின்று வணக்கம் சொன்னாள். எதற்கு என்று அவர்கள் கூச்சப்பட்டார்கள்.

அடுத்த அறுவடைக்கு முன்னால், இயந்திர ஓட்டுநர்கள் எல்லோரும் பட்டறை முற்றத்தில் கூடியிருந்த ஒருநாள், யானை இயந்திரப்படியில் ஏறி நின்றான். மேடைப்பேச்சு அவனுக்குப் பழக்கமில்லை.

"எனக்கு ஊசின்னா பயம். உங்க எல்லாருக்கும் தெரியும். நான் விழுந்ததச் சொல்லிச் சிரிச்சீங்க, சிரிங்க. ஆனா காய்ச்சல் வந்து பொழச்சவங்க இந்தக் கூட்டத்துல எத்தன பேர் இருக்கீங்கன்னு எனக்கும் தெரியும். நான் இன்னிக்கு மறுபடி போறேன். தூக்கறதுக்கு ஆள் வேணும். யாரு வர்றீங்க?"

கூட்டத்தில் ஒரு நமட்டுச் சிரிப்பு ஓடியது. பிறகு ஓர் ஆள் முன்னே வந்தான். அவன் பின்னால் இன்னொருவன். தூக்குவதற்கு என்று வந்தவர்களில் சிலர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே வந்தார்கள்.

அன்று யானை விழவில்லை என்று சொல்லமுடியாது. பை நிறைந்து, ஊசியை எடுத்து, பஞ்சு வைத்து அழுத்திய பிறகுதான் விழுந்தான். அதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

முதல் இயந்திரம் வயலில் இறங்கிய காலையில் ரத்தக்கா உறைபெட்டியைத் திறந்து பார்த்தாள். தட்டுகள் அடைசலாக இருந்தன. குளிர் முகத்தில் அடித்தது. டாக்டரிடம் சொல்வதற்காக மாடி ஏறினாள். படிக்கட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் தூரத்தில் தூசி ஒரு நீளமான திரையாக எழுந்து நகர்ந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் போன இயந்திரத்தில் ஓட்டுநர் முகக்கவசம் போட்டிருக்கிற மாதிரிதான் தெரிந்தது. போட்டிருக்கிறாரா என்று உறுதிப்படுத்திக்கொள்ள அவள் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தாள்.